மாமனார் சாகாமல் லீவு கிடையாது

போன மாதம் எங்கள் பழைய கம்பனியிலிருந்து ஷெஹானி என்ற பிள்ளை எனக்கு ஃபோன் எடுத்தாள். நான் இருந்த இடத்தில் இப்போது இருப்பவள். நான் லீவுக் கிளார்க், அவள் மனிதவள முகாமையாளர். விசயம் என்னவென்றால், கம்பனியில் இனிமேல் பிள்ளை பிறந்தால் தகப்பன்மாருக்கும் சம்பளத்தோடு லீவாம். அதற்கு ஒரு வைபவம் வைக்கிறார்களாம். குத்துவிளக்கு, கேக், நீலமும் ரோசாவுமாகப் பலூன். "பிலோமினா மிஸ், அந்தக் காலத்துல எப்பிடி இருந்திச்சு எண்டு நீங்க வந்து ஒரு ஐஞ்சு நிமிசம் பேசணும்" என்றாள்.

ஐந்து நிமிசத்தில் சொல்லி முடிக்கிற கதையா அது? வேலைக்குப் போன புதிதிலிருந்து ஓய்வு பெற்ற நாள் வரை அந்தக் கம்பனியின் லீவுப் புத்தகத்தோடு குடித்தனம் நடத்தினவள் நான். கலியாணம் முடிக்கவில்லை. அதற்கு லீவுப் புத்தகம் காரணமில்லை, பார்க்க வந்த மாப்பிள்ளைமார்தான் காரணம். வைபவத்தில் பாதிதான் சொன்னேன். இங்கே முழுவதையும் எழுதிவிடுகிறேன், பிறகு யாரும் என்னை ஐந்து நிமிசம் பேசச் சொல்லிக் கூப்பிட வேண்டாம்.

கொச்சிக்கடையில், துறைமுகத்துக்குக் கிட்ட, கப்பலில் வரும் சரக்கைச் சுங்கத்திலிருந்து எடுத்துக் கொடுக்கும் கம்பனி அது. நான் டைப்பிஸ்ட்டாகத்தான் போனேன். லீவுக் கிளார்க்காக இருந்தவர் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் கனடாவுக்குப் போய்விட்டார். லீவுகூடப் போடவில்லை. புத்தகம் என் மேசைக்கு வந்தது. இது சுகவீன லீவு, இது வருடாந்த லீவு, இது பெண்பிள்ளைகளுக்குப் பிரசவ லீவு, இது மரண லீவு என்று ஒரு மத்தியானத்தில் எல்லாம் சொல்லித் தந்து முடித்தார்கள். பிள்ளை பிறந்தால் தகப்பனுக்கு என்ன லீவு என்று கேட்டேன். உலகத்தில் இல்லாததைக் கேட்டது போல எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பிற்காலத்தில் அரசாங்க உத்தியோகத்தருக்கு மூன்று நாள் வந்தது. தனியார் கம்பனித் தகப்பனுக்குச் சட்டத்தில் அதுவும் இல்லை. அவனுடைய பிள்ளை தன்பாட்டில் பிறந்துகொள்ளும் என்று நினைத்துவிட்டார்கள் போல.

எங்கள் நிர்வாக முகாமையாளர் திருச்செல்வம் அவர்களைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையை நகர்த்த முடியாது. யாழ்ப்பாணத்து மனுசன், வெள்ளவத்தையில் வீடு. நேர்மையானவர். ஒரு பேனாவைக்கூட வீட்டுக்குக் கொண்டு போகமாட்டார். யாரையும் 'நீ' என்று சொல்லமாட்டார், 'நீர்' என்றுதான் திட்டுவார். மனைவிக்குப் பிரசவம், லீவு வேண்டும் என்று எவனாவது போய் நின்றால், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். அவனை மேலிருந்து கீழ்வரை பார்ப்பார். பிறகு மெதுவாகக் கேட்பார்:

"நீர் என்ன டொக்டரோ?"

இல்லை சேர் என்பான்.

"நேர்ஸோ?"

அதுவும் இல்லை.

"அப்ப அங்க உமக்கென்ன வேலை?"

அதோடு அவன் லீவுத் துண்டை மடித்துக்கொண்டு வெளியே வருவான். தன்னுடைய மூன்று பெண்பிள்ளைகளும் பிறந்தபோது தான் ஒரு நாளும் லீவு எடுக்கவில்லை என்பதை அவர் பெருமையாகச் சொல்லுவார். மூத்தவள் பிறந்த செய்தி வந்தபோது சுங்கத்தில் நின்றாராம், வேலையை முடித்துவிட்டுத்தான் போய்ப் பார்த்தாராம். கேட்டுக்கொண்டிருக்கும் எங்களுக்குப் பத்திக்கொண்டு வரும். அந்த மனுசியைத்தான் நினைப்பேன்.

ஆனால் யாராவது செத்துவிட்டார்கள் என்று சொல்லிப் பாருங்கள், மனுசன் வேறு ஆளாகிவிடுவார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழும்பி நிற்பார். அவருடைய அலுமாரியில் தோய்த்து மடித்த வெள்ளைச் சேர்ட்டும் கறுப்பு டையும் எப்போதும் இருக்கும். பொரளைப் பூக்கடைக்கு அவரே ஃபோன் பண்ணுவார். மலர்வளையத்தில் என்ன பூ, எவ்வளவு அகலம் என்பதெல்லாம் செத்தவரின் உறவுமுறையைப் பொறுத்தது. தாய் தகப்பன், மாமன் மாமி என்றால் பெரிய வளையம், கம்பனி வான் வண்டியில் முகாமையாளரே நேரில் போவார். சித்தப்பா பெரியப்பா என்றால் சின்ன வளையம், பியோன் கொண்டுபோவான். ஒன்றுவிட்ட உறவு என்றால் நோட்டீஸ் பலகையில் ஒரு துண்டுக் காகிதம், அவ்வளவுதான்.

ஒரு வெள்ளைத் துணிப் பதாகை இருந்தது. கம்பனியின் பெயரும் 'ஆழ்ந்த அனுதாபங்கள்' என்பதும் மூன்று மொழியிலும் அதில் நிரந்தரமாக எழுதியிருக்கும். செத்தவரின் பெயரை மட்டும் காகிதத்தில் எழுதி நடுவில் ஊசியால் குத்துவோம். அடுத்த செத்தவீட்டுக்கு அந்தக் காகிதத்தை எடுத்துவிட்டு வேறு காகிதம். செத்தவீட்டு வாசலில் வானிலிருந்து இறங்குவதற்கும் ஒழுங்கு உண்டு. முதலில் வளையம், அதற்குப் பின்னால் முகாமையாளர், பிறகு பதாகை பிடிக்கிற இரண்டு பேர், பிறகு ஆண்கள். பெண்கள் கடைசி. இறங்கியதும் வீட்டுக்காரரின் கையைப் பிடித்து அவர் ஒரு சின்ன உரை நிகழ்த்துவார். மனதைத் தேற்றிக்கொள்ள வேணும், எல்லாரும் ஒரு நாள் போகத்தான் வேணும், கம்பனி உங்களோட நிக்குது. எனக்கு அது மனப்பாடம்.

இப்படி ஒரு கம்பனியில், பிறப்புக்கு லீவு இல்லை, இறப்புக்கு வான் முதல் வளையம் வரை எல்லாம் உண்டு என்றால், ஆம்பிளைகள் என்ன செய்வார்கள்? ஒவ்வொரு பிள்ளை பிறக்கும்போதும் எங்கேயோ ஒரு சித்தப்பா சாவார். நான் வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாளிலேயே இது எனக்கு விளங்கிவிட்டது. லீவுக்கு வருகிறவன் முகத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றால் செத்தவருக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை என்று அர்த்தம். நான் ஒன்றும் கேட்கமாட்டேன். ஆனால் கேட்கிறவனுக்குச் சொல்லிக் கொடுப்பேன். வான் போக முடியாத தூரத்தில் இருக்கிற உறவுக்காரனாகப் பாரும், மாமன் மாமியில் கை வைக்காதேயும் என்று. ஹட்டன், பதுளைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதில் கஷ்டமே இல்லை. அவர்களுடைய பெரியப்பாமார் மலையில் நிம்மதியாகச் செத்துச் செத்துப் பிழைத்தார்கள். கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன் பாடுதான் திண்டாட்டம். அவனுடைய சொந்தமெல்லாம் ஒரே சந்து ஒழுங்கைக்குள் இருக்கும்.

ஸ்டனிஸ் கொட்டாஞ்சேனைப் பெடியன்தான்.

துறைமுகத்துக்குள் போய்க் கொள்கலன்களைப் பார்த்து எடுக்கிற வேலைக்கு வந்தவன். இன்னும் நிரந்தரமாக்கவில்லை, ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் ஆக்குவார்கள். ஒரு பிழை பிடிபட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். மனைவி ரீட்டா. மாமனார் கபிரியேல், மாமி மேரியம்மா, நாலு பேரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். ரீட்டாவின் முதல் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. அப்போது ஸ்டனிஸ் வேறு கம்பனியில் கப்பல் வேலையில் நின்றிருக்கிறான். செய்தி அவனுக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. இரண்டாவதற்கு ரீட்டாவை ஆஸ்பத்திரியில் வைத்தபோது அவன் பொய் சொல்லப் போகவில்லை. நேரே முகாமையாளரிடம் போய், இப்படி இப்படி, டொக்டர் கிட்ட நிற்கச் சொல்லுகிறார், இரத்தமும் தேவைப்படலாம் என்று உள்ளதைச் சொன்னான்.

கண்ணாடி கழன்றது. டொக்டரோ, நேர்ஸோ எல்லாம் நடந்தது. நாளைக்குக் கப்பல் வருகுது, நீர் துறைமுகத்தில் நிற்க வேணும் என்று முடிந்தது.

அவன் என் மேசையடிக்கு வந்து நின்றான்.  மன்னாரில் யாராவது சித்தப்பா இருக்கிறாரா என்று கேட்டேன்.

"எனக்கு மன்னார்ல ஒருத்தரும் இல்ல மிஸ். எல்லாரும் இங்கதான். நாங்க சாகிறதும் இங்கதான்."

சிரிக்கத்தான் சொன்னான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

மறுநாள் எனக்கு பஸ் பிந்திவிட்டது. அந்த நேரம் பார்த்து ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டனிஸ் கம்பனிக் கந்தோருக்கு ஃபோன் எடுத்திருக்கிறான். ரீட்டாவுக்கு உடனே சத்திரசிகிச்சை செய்ய வேண்டும், இரத்தத்துக்கு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வா என்று டொக்டர் சொல்லிவிட்டாராம். ஃபோனைத் தூக்கியது நானாக இருந்தால் எங்கேயாவது ஒரு சித்தப்பாவை நானே உண்டாக்கியிருப்பேன். தூக்கியது திருச்செல்வம். ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டிருக்கிறார். பெடியனுக்குத் தலை சுற்றியிருக்கும். "மாமா மோசம் போயிட்டார் சேர்" என்று சொல்லி வைத்துவிட்டான். நான் எதில் கை வைக்காதே என்று சொல்லுவேனோ அதிலேயே வைத்தான். அதுவும் நாலு சந்தி தள்ளி இருக்கிற மாமனாரை.

நான் போய்ச் சேர்ந்தபோது வெள்ளைச் சேர்ட் ஏறிவிட்டது. பூவுக்கு ஆள் போய்விட்டது. கபிரியேல் என்று அழகான எழுத்தில் எழுதிய காகிதத்தைப் பதாகையில் குத்திக்கொண்டிருந்தார்கள். நான் ஸ்டனிஸுக்கு ஃபோன் எடுத்து எடுத்துப் பார்த்தேன், அவன் தூக்கவில்லை. முகாமையாளரிடம் போய், எதற்கும் வீட்டுக்கு ஒருக்கா கேட்டுவிட்டுப் போவோமே என்றேன்.

"செத்தவீட்டுக்கு ஃபோன் எடுத்து, செத்தது உண்மையோ எண்டு கேக்கிறதோ? என்ன மிஸ் கதைக்கிறீர்?"

சரியான கேள்விதானே. நானும் வானில் ஏறினேன். எல்லோருக்கும் முதல் நான் குதித்து இறங்கி, வீட்டுக்குள் ஓடி எப்படியாவது சமாளிக்கலாம் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். பெண்கள் கடைசியில் இறங்க வேண்டும் என்ற ஒழுங்கை மறந்துவிட்டேன். பின் ஆசனத்தில் ஆட்களுக்கு நடுவே என்னை இருத்திவிட்டார்கள். வான் அந்த ஒழுங்கைக்குள் திரும்பியது.

மேரியம்மா வாசலில் நின்றாள். ஒரு கையில் சுடுதண்ணீர்ப் போத்தல், மற்றக் கையில் சோற்றுப் பை, மத்தியானம் ஆஸ்பத்திரியில் பார்க்க விடும் நேரத்துக்கு மகளிடம் போக வெளிக்கிட்டு நிற்கிறாள். அவள் கண்டது இதைத்தான்: மருமகனின் கம்பனி வான் வந்து நிற்கிறது. வெள்ளைச் சேர்ட்டும் கறுப்பு டையுமாய் ஒரு பெரிய மனுசர் இறங்குகிறார். அவருக்கு முன்னால் மலர்வளையம் வருகிறது.

அவளுக்கு எழுத வாசிக்க அவ்வளவாக வராது. வந்திருந்தாலும் பதாகையை யார் வாசிக்கப் போகிறார்கள்? பிள்ளை பெற ஆஸ்பத்திரியில் கிடப்பது மகள். மருமகனும் அங்கேதான் நிற்கிறான். அங்கேயிருந்து வளையம் வருகிறது என்றால் ஒரே அர்த்தம்தான்.

"என்ட பிள்ள!" என்று ஒரு சத்தம் போட்டாள். அதற்குப் பிறகு அப்படி ஒரு சத்தத்தை நான் கேட்டதில்லை, கேட்கவும் வேண்டாம். சுடுதண்ணீர்ப் போத்தல் விழுந்து உடைந்தது. ஒழுங்கை முழுக்கக் கதவுகள் திறந்தன. பெண்கள் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார்கள்.

இதில் கொடுமை என்னவென்றால், திருச்செல்வத்துக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. செத்தவீட்டுக்குப் போனால் அழுவார்கள்தானே. எல்லாம் ஒழுங்காக நடக்கிறது என்று நினைத்து மேரியம்மாவின் கையைப் பிடித்து உரையைத் தொடங்கிவிட்டார். "அம்மா, மனதைத் தேற்றிக்கொள்ள வேணும். எல்லாரும் ஒரு நாள் போகத்தான் வேணும்." அவள் இன்னும் கத்தினாள். அவர் இன்னும் ஆறுதல் சொன்னார். நான் வானுக்குள் இருந்து முன்னுக்கு இருக்கிறவர்களின் முதுகில் குத்திக்கொண்டிருந்தேன், என்னை இறங்க விடுங்கோ என்று.

அப்போது வீட்டின் பின்பக்கத்திலிருந்து, இடுப்பில் துவாயோடு, தலையில் சவர்க்கார நுரையோடு, மாமனார் கபிரியேல் வந்தார்.

அழுகிற பெண்களைப் பார்த்தார். வளையத்தைப் பார்த்தார். பிறகு பதாகையைப் பார்த்தார். துறைமுகத்தில் பாரம்தூக்கி ஓட்டினவர், மூன்று மொழியும் வாசிப்பார். மூன்றையும் நிதானமாக வாசித்தார்.

"இது நான்தானே. நான் குளிச்சிட்டிருக்கிறன்."

 மேரியம்மாவின் அழுகை அந்தரத்தில் நின்றது. அவள் புருசனைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், கடைசியில் திருச்செல்வத்தின் சேர்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"அப்ப என்ட மகள் இருக்கிறாளா, இல்லயா? ஐயா, சொல்லுங்க."

அந்த மனுசனிடம் ஒவ்வொரு செத்தவீட்டுக்கும் ஒரு பதில் இருந்தது. இதற்கு இருக்கவில்லை. எனக்கும் தெரியாது. ஸ்டனிஸ் இன்னும் ஃபோனைத் தூக்கவில்லை. உயிரோடு இருக்கிற மாமனாரை அவன் ஏன் சாகடித்தான் என்பது அப்போதுதான் முகாமையாளருக்கு விளங்கியிருக்க வேண்டும். ஏனென்றால் அவருடைய முகம் ஒரு மாதிரிப் போயிற்று. கோபம் வரும் என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபம் வரவில்லை. "எல்லாரும் இறங்குங்கோ. அம்மாவை ஏத்துங்கோ" என்றார்.

வளையம் இருக்கிற வானில் ஏறமாட்டேன் என்று மேரியம்மா நின்றுவிட்டாள். வளையத்தை இறக்கிக் கபிரியேலின் கையில் கொடுத்தோம். அவர் அதை வாங்கிக்கொண்டு, பதாகையிலிருந்து தன் பெயரைத் தானே கழற்றி மடித்து, துவாயின் முடிச்சுக்குள் வைத்தார். அந்த வளையத்தைப் பிறகு கோவிலுக்குக் கொண்டுபோய் அந்தோனியாரின் காலடியில் வைத்ததாகக் கேள்வி. அவர் அதை எந்தக் கணக்கில் எடுத்துக்கொண்டாரோ தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் காவலாளி எங்களை விடவில்லை. பார்க்கிற நேரம் இன்னும் வரவில்லையாம். கம்பனியின் நிர்வாக முகாமையாளர் என்று திருச்செல்வம் சிங்களத்தில் சொல்லிப் பார்த்தார். பிரசவ வோர்ட்டுக்கு எல்லா முகாமையாளரும் ஒன்றுதான், வெளியே நில்லுங்கள் என்றான் அவன். நின்றோம். அந்த மனுசன் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு பிரசவ வோர்ட்டுக்கு வெளியே நின்றார், அதுவும் செத்தவீட்டு உடுப்பில்.

அங்கே தகப்பன்மார் கொஞ்சப் பேர் நின்றார்கள். கந்தோர் வெளியே விடாது, ஆஸ்பத்திரி உள்ளே விடாது. ஆனாலும் ஒருத்தனும் சும்மா நிற்கவில்லை. உள்ளேயிருந்து பெயரைக் கூப்பிட்டால் ஓட வேண்டும். மருந்துக்கடைக்கு ஓடுகிறான் ஒருத்தன். இரத்தம் கொடுக்கச் சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறான் இன்னொருத்தன். கையெழுத்து வைக்க ஒருத்தன் ஓடுகிறான். பொலிஸ்காரன் ஒருத்தன் பிள்ளைத் துணிப் பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றான். அவன்தான் திருச்செல்வத்திடம் முதல் பிள்ளையா என்று சிங்களத்தில் கேட்டான். எனக்கு மூன்று இருக்கிறது என்றார் இவர். அப்படியென்றால் உங்களுக்கு இது பழக்கமாக இருக்கும் என்றான் அவன்.

 இவர் என் பக்கம் திரும்பாமலே எனக்குச் சொன்னார்: "மூண்டுக்கும் என்ர மனுசி தனியத்தான் மிஸ் கிடந்தவா. ஆரும் கூப்பிட்டா ஓட ஆளில்லை."

 

அப்போது ஸ்டனிஸ் வந்தான். இரத்த வங்கிப் பக்கமிருந்து மூச்சு வாங்க ஓடி வந்தவன், எங்களைக் கண்டதும் நின்றான். வெள்ளைச் சேர்ட், கறுப்பு டை, நிலத்தில் குந்தி அழுதுகொண்டிருக்கிற மாமி. தான் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தான், போன தடவை போலவே. கால் மடங்கி அந்த இடத்திலேயே இருந்துவிட்டான். "ரீட்டா…" என்று மட்டும் சொன்னான்.

திருச்செல்வம் குனிந்து அவனுடைய தோளைப் பிடித்தார். உரை நிகழ்த்தவில்லை. "இல்லை மகன், ஒண்டுமில்லை. நாங்கள் சும்மா வந்தனாங்கள்."

செத்தவீட்டு உடுப்போடு பிரசவ வோர்ட்டுக்குச் சும்மா வந்தார்களாம். வேறு நாளென்றால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன்.

கதவைத் திறந்து ஒரு பெண் எட்டிப் பார்த்து, "ரீட்டாகே கவுத இன்னே?" என்று கூப்பிட்டாள். ரீட்டாவின் ஆள் யார் என்று. ஸ்டனிஸ் எழும்ப முதல் திருச்செல்வம் ஓடினார். பெண்பிள்ளை. தாய்க்கும் பயமில்லை. மேரியம்மா அங்கேயே முழங்காலில் இருந்து செபம் சொன்னாள். முகாமையாளர் டையைக் கழற்றிக் காற்சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டார், யாரும் பார்க்காத மாதிரி.

ஆனால் கந்தோர் கந்தோர்தானே. மறுநாள் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெடியனுடைய லீவை எந்தக் கணக்கில் போடப் போகிறீர் என்று கேட்டார். மரண லீவு போட முடியாது, செத்தவர் குளித்துக்கொண்டிருந்தார். வருடாந்த லீவு இன்னும் அவனுக்குக் கிடையாது. சொல்லாமல் வேலைக்கு வராமல் நின்றது என்று போட்டால் பொய்யும் சேர்ந்துகொள்ளும், வேலை போய்விடும். எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். 

"நேற்று நான் எங்க நிண்டனான், மிஸ்?"

"ஆஸ்பத்திரி வாசல்ல சேர்."

"கம்பனி வான்?"

"அதுவும் அங்கதான்."

"நானும் நிண்டு, கம்பனி வானும் நிண்டா, அது டியூட்டியோ இல்லையோ?"

"டியூட்டிதான் சேர்."

"அப்ப அவரும் டியூட்டி. மனுசி வீட்ட வாற வரைக்கும் அப்பிடியே போடும்."

போட்டேன். தகப்பன்மாருக்கு லீவு என்று ஒன்றை அவர் ஒருநாளும் கொண்டுவரவில்லை. சட்டத்தில் இல்லாததை அவரால் செய்ய முடியாது. ஆனால் அதற்குப் பிறகு யாராவது செத்துவிட்டார்கள் என்று ஒருத்தன் வந்தால், பூக்கடைக்கு ஃபோன் எடுக்க முதல் என்னைப் பார்த்து, வானை எடுக்கவோ வேண்டாமோ என்று கேட்பார். நான் வேண்டாம் என்று தலையாட்டினால் ஒன்றும் பேசாமல் கையெழுத்து வைப்பார். பிற்காலத்தில் மகளோடு அவுஸ்திரேலியாவுக்குப் போய் அங்கேயே காலமானார். எத்தனையோ செத்தவீட்டுக்கு வளையத்தோடு போன மனுசனுடைய செத்தவீட்டுக்கு எங்கள் வான் போகவில்லை. எனக்கு அது இன்றைக்கும் மனவருத்தம்தான்.

சரி, வைபவத்துக்கு வருவோம். ஷெஹானி நல்ல பிள்ளை, எனக்குக் கார் அனுப்பினாள். முன்வரிசையில் கோட்டும் சூட்டுமாய் ஸ்டனிஸ் இருந்தான். இப்போது கப்பல் வேலை முழுவதற்கும் அவன்தான் பொறுப்பு, ஸ்டனிஸ் சேர். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கதைத்தான். அன்றைக்குப் பிறந்த மகள் கம்பஸில் படிக்க எடுபட்டிருக்கிறாளாம். எனக்குச் சந்தோசமாக இருந்தது.

ஷெஹானி மேடையில் நிபந்தனைகளை வாசித்தாள். நிரந்தர ஊழியர்களுக்கு மட்டும். முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். பகுதி முகாமையாளர் அனுமதிக்க வேண்டும். கப்பல் வேலை நெருக்கடி இருந்தால் பின்போடலாம். லீவைத்தான், பிள்ளையையும் பின்போடச் சொல்லவில்லை. எல்லோரும் கை தட்டினார்கள்.

எனக்குப் பக்கத்தில், பின்வரிசையில், யோகராஜ் என்று ஒரு பிள்ளை இருந்தான். கொள்கலன் லொறி ஓட்டுகிறவன், ஹட்டன் பக்கம். அவன் மட்டும் கை தட்டவில்லை. மனைவி களுபோவில ஆஸ்பத்திரி வோர்ட்டில் இருக்கிறாளாம், இன்றைக்கோ நாளைக்கோ என்று சொல்லியிருக்கிறார்களாம். அப்படியென்றால் இந்த லீவுக்கு முதல் ஆள் நீர்தானே என்றேன்.

"நான் கொன்ட்ராக்ட் மிஸ். எனக்கு இல்ல. ஸ்டனிஸ் சேர்கிட்டயும் கேட்டேன். கப்பல் வருது, நீ என்ன டொக்டரானு கேட்டாரு."

எனக்குக் கோபம் ஏறிவிட்டது. இருந்தாலும் பழைய பழக்கம், வாய் தானாகக் கேட்டது: "உம்மட பெரியப்பா ஊரில இருக்கிறாரா?"

"அதுவும் முடியாது மிஸ். இப்ப வான் போறதில்ல, ஃபோன்லயே பூ ஆர்டர் பண்றாங்க. ஹட்டனுக்கும் போகுது. பூக்கடைக்காரன் வீட்டுல குடுத்துட்டு போட்டோ எடுத்து அனுப்பணுமாம்."

முன்னேற்றம் என்றால் இதுதான். மலைநாட்டுப் பெரியப்பாமாருக்கும் இனிச் சாவு கிடையாது.

என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். நன்றி சொல்லி, பாராட்டி, வாழ்த்தி என்று ஒரு காகிதம் எழுதி வைத்திருந்தேன். அதை எடுக்கவில்லை. வளையத்தின் கதையைச் சொன்னேன், யாருடைய பெயரையும் சொல்லாமல். குளித்துக்கொண்டு வந்த மாமனார் வரைக்கும் சபை விழுந்து விழுந்து சிரித்தது. ஆஸ்பத்திரி வாசலில் அந்தத் தகப்பன் கால் மடங்கி இருந்த இடம் வந்தபோது சிரிப்பு நின்றது. அவனிடமும், நீர் என்ன டொக்டரோ என்றுதான் கேட்டார்கள் என்று சொல்லிவிட்டு மேடையை விட்டு இறங்கினேன். முன்வரிசையைப் பார்த்துத்தான் சொன்னேன், பார்க்காமல் சொன்னேன் என்று பொய் சொல்லமாட்டேன்.

கேக் வெட்டினார்கள். நான் பின்வரிசையில் கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, ஸ்டனிஸ் எழும்பி வந்தான். என்னைப் பார்க்கவில்லை. யோகராஜின் முன்னால் வந்து நின்றான்.

"மனுசி எந்த ஆஸ்பத்திரியில?"

"களுபோவில சேர்."

"போ. லொறியை வேற ஆளுக்குக் குடுக்கிறன். கேட்டா டியூட்டியில நிண்டதெண்டு போடுவம்."

யோகராஜ் என்னைப் பார்த்தான். எனக்கு லீவுப் புத்தகம் இப்போது இல்லை. ஆனால் சட்டம் தெரியும்.

"அப்பிடிப் போட ஏலாது ஸ்டனிஸ்" என்றேன். "முகாமையாளரும் கம்பனி வானும் வாசல்ல நிண்டாத்தான் அது டியூட்டி."

அவன் என் கையிலிருந்த கேக் தட்டை வாங்கி வைத்தான். பிறகு வானை எடுக்கத் திறப்பு யாரிடம் இருக்கிறது என்று கேட்டான். "வாங்க மிஸ், நீங்களும்" என்றான்.

எழும்பினேன். வாசலடியில் அவன் கோட்டைச் சரிசெய்து, டையை இழுத்து நேராக்கினான். டை கறுப்பு.

முதலில் அதைக் கழற்று என்றேன்.